மரத்துக்குப் பின்னால்

படிப்பாதையின் மூன்றாவது வளைவில் என் வீட்டுக்காரர் நின்றார். இருபதடி மேலே நானும் நின்று, பெரணிப் புதருக்குள் குனிந்தேன்.

முட்டி மளுக்கென்றது. நல்லவேளை, கீழே ஓடை சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்ற அன்று, இந்தக் காட்டுப் பக்கம் இனித் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்றவர் இவர். முப்பது வருடம் இங்கேயே வனத்துறை வேலை பார்த்த அலுப்பு. அப்படிப்பட்டவர் இரண்டு மாதமாகத் தினமும் காலையில் சவரம் செய்துகொண்டு, ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டு, இந்தப் பள்ளத்தாக்குக்கு நடக்க வருகிறார். உடம்புக்கு நல்லதாம். எந்தப் பெண்டாட்டி நம்புவாள்?

நானும் வருகிறேன் என்று ஒருநாள் செருப்பை மாட்டினேன்.

"நீ எதுக்கு? படி இறங்கினா முட்டி பிடிச்சுக்கும்" என்றார்.

என் முட்டியின் மேல் அதுவரை இல்லாத அக்கறை.

போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுக்காரி போன வாரம் கொளுத்திப் போட்டாள். சார் மரத்தடியில் நின்று யாரிடமோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாராம். மரம் மறைத்ததில் ஆள் தெரியவில்லையாம்.

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்து நாலு வருடக் குடித்தனம். மரத்துக்குப் பின்னால் இருப்பவளைப் பார்த்ததும் என்ன கேட்பது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

இப்போது அவர் பெரிய அத்திமரம் ஒன்றின் முன்னால் நின்றிருந்தார். பாசி படர்ந்த அடிமரம். பின்னால் ஒருத்தி தாராளமாக ஒளிந்துகொள்ளலாம்.

பேசத் தொடங்கினார். கெஞ்சுகிற குரல். கல்யாணமான புதிதில் நான் கோபித்துக்கொண்டால் வருமே, அதே குரல்.

ஓசைப்படாமல் பத்துப் படி இறங்கினேன்.

அவருடைய உள்ளங்கை மரத்தின் மேல் இருந்தது. அதில் தொங்கிய பெயர்ப்பலகையை அழுத்தி மூடியிருந்தது. கண்களையும் மூடியிருந்தார்.

"வந்துடும், வந்துடும். நாக்கு நுனியிலதான் இருக்கு."

வரவில்லை. கையை எடுத்துப் பலகையைப் படித்தார். நெற்றியில் அறைந்துகொண்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பெருக்கல் குறி போட்டார்.

அத்தி என்று எனக்கே தெரிகிறது. எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அந்தப் பலகையில் இருப்பதும் அவர் எழுத்து. இந்தப் பள்ளத்தாக்கின் நானூறு மரங்களுக்கும் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து பெயிண்ட் தொட்டுப் பெயர் எழுதி, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கம்பியில் கட்டியவர். தூக்கத்தில் எழுப்பி ஓர் இலையைக் கசக்கிக் கொடுத்தால் மோந்து பார்த்தே சொல்லுவார்.

அடுத்த மரத்துக்கு நகர்ந்து அதன் பலகையையும் மூடினார்.

நான் அத்திமரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஈர மண், சருகு, இரண்டு காளான்.

யாராவது ஒருத்தி இருந்து தொலைத்திருக்கக் கூடாதா.