கண்ணாடிப் பெட்டி ரேசர்

"பொம்பளைக்கு எதுக்கும்மா ரேசர்?"

கேட்டில் முனுசாமி போட்ட சத்தத்தில் வேலைக்கு வந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கோவிந்தம்மாவின் சாப்பாட்டுத் தூக்கு அவன் கையில் திறந்திருந்தது. மேல் தட்டில், கந்தல் துணியில் சுற்றி, பளபளவென்று ஒரு சேஃப்டி ரேசர்.

கும்மிடிப்பூண்டி ரோட்டில் இருந்த அந்த ரேசர் கம்பெனிக்கு முனுசாமி வாட்ச்மேனாக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இன்னும் ஒரு திருட்டைக்கூடப் பிடித்துக் கொடுக்கவில்லையே என்கிற குறை இன்றைக்குத் தீர்ந்தது. திருடினவள் அதைக் காலையில் எதற்கு உள்ளே கொண்டு வருகிறாள் என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை.

"நட, மொதலாளியாண்ட!"

"அவராண்டதான் நானும் போய்க்கினு இருக்கேன்," என்றாள் அவள்.

முதலாளி சுப்பராயன் அறையில் ஏற்கெனவே அனல் பறந்துகொண்டிருந்தது. மதராஸ் மொத்த வியாபாரி பாக்கியநாதன் முதல் பாசஞ்சரைப் பிடித்து, முகம்கூட மழிக்காமல் வந்திருந்தார். மேஜை நிறையத் திரும்பி வந்த ரேசர்கள்.

"வாங்கினவன் எல்லாம் கன்னத்தைக் கீறிக்கிட்டு வந்து நிக்கிறான் சார். உங்க சரக்கே எனக்கு வேணாம்."

"இருக்கவே முடியாது!" சுப்பராயன் எழுந்து கண்ணாடிப் பெட்டியைத் தட்டினார். உள்ளே ஒரு பழைய ரேசர், ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமத்தோடு. "எங்கப்பா மொத யுத்தத்துக்கு மெசபடோமியா போனப்ப ஒரு வெள்ளைக்கார சிப்பாய் குடுத்தது. அதுவரைக்கும் ஆம்பளைன்னா இன்னொருத்தன் கத்திக்குக் கழுத்தை நீட்டிட்டு உக்காரணும். இது வந்தப்புறம்தான் அவனவன் மூஞ்சியை அவனவனே மழிச்சிக்க ஆரம்பிச்சான். இதைப் பார்த்துத்தான் அச்சு எடுத்தோம். ஒரு மயிரிழை மாறாது!"

வருகிறவர்களுக்கெல்லாம் இதே சரித்திரம்தான். முனுசாமிக்கே மனப்பாடம். அவர் மூச்சு விட்ட இடத்தில் அவன் ஒரு சல்யூட் அடித்து, நடந்ததைச் சொல்லி, ரேசரை மேஜைமேல் வைத்தான்.

கோபத்தைக் கொட்ட சுப்பராயனுக்கு ஆள் கிடைத்துவிட்டது. "பாவமேன்னு வேலை போட்டுக் குடுத்தேன் கோவிந்தம்மா. நிழல்ல உக்காந்து பேக்கிங் பண்ண வச்சேன். அதுக்கு நீ காட்டற நன்றி இதுவா? நாளையிலேருந்து வராதே."

அவள் மேஜையருகே வந்து நிமிர்ந்து நின்றாள்.

"திருடல மொதலாளி. ஆயுத பூஜைக்குப் பொரிப் பொட்டலத்தோட நீங்க குடுத்தது. ஆம்பள பொம்பள பாக்காம ஆளுக்கு ஒண்ணு குடுத்தீங்களே!"

முனுசாமிக்குச் சுருக்கென்றது. ஆயுத பூஜை சமயத்தில் அவன் இந்தக் கம்பெனியிலேயே இல்லை.

"சரி, இங்க எதுக்குக் கொண்டாந்தே?" என்றார் சுப்பராயன்.

"இதுவும் கீறிச்சு. இன்னாடான்னு பாத்தேன். சீப்பு மாதிரி பல்லு இருக்குதே, அதுல ஓரமா ரெண்டு பல்லு கீழ மடங்கினு இருக்குது. அங்க மட்டும் பிளேடு துருத்தினு நிக்குது. கொறடால நிமித்தினேன், அப்பாலிக்கா கீறவே இல்ல. பொட்டியில இருக்குதே, அதுலயும் அதே ரெண்டு பல்லுதான் மடங்கினு இருக்குது. என்னிக்கோ கீழ வுழுந்திருக்கும். அந்தக் கோணலையும் சேத்து அச்செடுத்துட்டீங்க."

யுத்தம் பார்த்த ரேசர். குங்குமம் வைத்துக் கும்பிடுகிற ரேசர். அதற்குக் கோணலாம்!

"உனக்கென்ன தாடியா மீசையா? ரேசரைப் பத்தி எனக்கே சொல்ல வந்துட்டியா?" என்று குதித்தார் சுப்பராயன்.

பாக்கியநாதன் தன் தாடையைச் சொறிந்துகொண்டார். "இருங்க சார். என் மூஞ்சியிலேயே பார்த்துடுவோம். ஒரு கன்னத்துக்கு அது, ஒரு கன்னத்துக்கு இது. கண்ணாடி கொண்டாரச் சொல்லுங்க."

தேடினார்கள். வருஷம் முழுக்க ரேசர் செய்கிற கம்பெனியில் முகம் பார்க்க ஒரு கண்ணாடி இல்லை.

"நீங்க உக்காருங்க நைனா, நான் வழிக்கிறேன்," என்றாள் கோவிந்தம்மா.

முனுசாமி வாயைப் பிளந்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். இரண்டு ரேசரையும் வெந்நீரில் அலசினாள். சோப்பைக் குழைத்துப் பூசி, ஒற்றை விரலால் அவர் தாடையை நிமிர்த்தினாள். முதலில் பெட்டி ரேசரில் புது பிளேடு. பாதிக் கன்னம்கூடத் தாண்டவில்லை, "ஸ்ஸ்" என்றார் பாக்கியநாதன். நுரையில் சிவப்பாக ஒரு கோடு.

அதே பிளேடைக் கழற்றித் தன் ரேசரில் மாட்டினாள். காதோரத்திலிருந்து மோவாய் வரை சர் சர்ரென்று இழுத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். பாக்கியநாதன் தடவிப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் தடவினார்.

"சார், பல்லை நிமித்தி இதே மாதிரி ஐந்நூறு அனுப்புங்க. ஆனா ஒவ்வொண்ணும் இந்தம்மா கையால பார்த்து வரணும்!"

முனுசாமி தன்னை மறந்து கைதட்டிவிட்டான். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பேக்கிங் பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்நூறு என்றதும் சுப்பராயனும் ஒரு வழியாகச் சிரித்தார்.

"இன்னியிலேருந்து நீதான் செக்கிங் மேஸ்திரி. இன்னும் என்ன வேணும், கேளு!"

"வழிச்சுப் பாக்கறதுக்குத் தெனமும் ஒரு மூஞ்சி வேணும் மொதலாளி. அந்த வேலைய எங்க ஊட்டுக்காரு தேசப்பனுக்குக் குடுங்க. நாலு வருசமா நான்தான் அவருக்கு வழிச்சு வுடறேன்."

அந்தப் பெயரைக் கேட்டதும் சுப்பராயனின் சிரிப்பு நின்றது. மேஜையைப் பார்த்தபடி, "நாளைக்கே கூட்டிட்டு வா," என்றார்.

முனுசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏம்மா, அவனவன் மூஞ்சிய அவனவனே மழிச்சிக்கத்தானே ரேசர் வந்துச்சு?"

"இந்த வேலைக்குக் கன்னம் இருந்தா போதும்ண்ணா," என்றாள் கோவிந்தம்மா, கண்ணை முதலாளி மேலிருந்து எடுக்காமல். "கை ரெண்டையும்தான் இந்தக் கம்பெனி பிரஸ்ஸு மிஷினு வாங்கிக்கிச்சே!"