எண்ணத் தெரியாத பசு

ஜாய்ஸ் ரப்பர் சுத்தியலால் டார்லாவின் முழங்காலைத் தட்டிப் பார்த்தாள். கால் லேசாகத் துள்ளியது. பிரசவ வலியை நிறுத்தும் மருந்து அளவோடுதான் ஏறுகிறது என்று அந்த நர்ஸ் திருப்தியாகச் சொன்னாள்.

டார்லாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஆல்பர்ட்டா மாகாணத்தின் மார்ச் மாதப் பனி. உள்ளே அவளை அடுப்பில் ஏற்றி வைத்ததுபோல் இருந்தது. நாக்கு தடித்து, இமைகள் கனத்து, கால்மாடு உயர்ந்த கட்டிலில் தலை தாழக் கிடந்தாள்.

ஆறாம் மாதம். வலியை இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் போதும், தொடையில் போட்ட ஊசி குழந்தையின் நுரையீரலுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்துவிடும் என்றிருந்தார் டாக்டர். அதற்கு மேல் தள்ளிப் போகிற ஒவ்வொரு நாளும் லாபம்தான்.

அழக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அழுதால் வயிறு இறுகிவிடுமோ என்று அவளாகவே பயந்து அடக்கிக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் எல்லாம் அவள் வயிற்றைப் பார்த்தே பேசினார்கள். மாமியாருக்கும் சர்ச்சுப் பெண்களுக்கும் போனில் ஒரே பாட்டு. மனதைக் கெட்டியாக வைத்துக்கொள், உள்ளே இருக்கிறவனை நினை.

அவளும் அவனை மட்டுமே நினைத்தாள்.

கணவன் வெஸ் பண்ணைக்குப் பேசிவிட்டு வந்தான். மாடுகள் கன்று ஈனும் காலம், அங்கே தம்பி தனியாளாகத் திண்டாடிக்கொண்டிருந்தான். தலையீற்றுப் பசு ஒன்று இரட்டைக் கன்று போட்டதாம். இரண்டாவதை நக்கிக்கொண்டே வேலியோரம் போய்விட்டதாம். முதல் கன்று ஈரம் காயாமல் வைக்கோலில் கிடந்ததாம்.

அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான்.

"மாட்டுக்கு எங்க எண்ணத் தெரியுது? ஒண்ணுக்கு மேல போனா கணக்கு உதைக்குது."

டார்லா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்புறம்தான் வெஸ்ஸுக்கு உறைத்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அப்படிப்பட்ட பசுவை என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவனோடு தொழுவத்தில் நின்றவள். இரண்டு கன்றையும் அதனோடு சின்னக் கொட்டடியில் சேர்த்து அடைத்துவிடுவார்கள். இரண்டையும் மோந்து பார்த்து, இரண்டும் தன்னுடையது என்று தெரிந்துகொள்ளும்வரை வெளியே விடமாட்டார்கள்.

அவள் திரும்பினாள். தடித்த நாக்கு சொல்லைத் தேடித் தேடி எடுத்தது.

"ரெட்டையில முந்தாநாள் பொறந்தவன கொண்டாரச் சொல்லு, வெஸ். நான் இன்னும் அவன் மொகத்தயே பாக்கல."

வெஸ் ஜாய்ஸைப் பார்த்தான். அவள் சுத்தியலைப் பைக்குள் போட்டுவிட்டு, சரி என்று தலையசைத்தாள்.

கொஞ்சம் நேரமாகும் என்றாள், கீழே பிணவறைக் குளிரில் இருக்கிறான்.