வீடியோவுக்கு வராத வள்ளி

"அம்மா எங்க நைனா? போனை அவங்ககிட்ட குடு."

செல்போன் திரையில் ஆதிகேசவனின் மூக்கும் பாதி மீசையும் மட்டும் தெரிந்தன. அவருக்குப் பின்னால், ஆந்திர எல்லை ஊரான நகரியில் இருக்கும் வீட்டுத் தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன.

"சமையல் ரூம்ல கீறா. மொதல்ல நீ எங்க கீற, அதைச் சொல்லு."

"ஆத்துப் பாலத்து மேல."

தரணி போனைத் திருப்பி டான்யூப் நதியைக் காட்டினாள். ஹங்கேரியின் தலைநகரமான புடாபெஸ்டுக்கு அவள் வந்து இது மூன்றாம் நாள். துணைக்கு யாருமில்லை. திருப்பதியில் பார்க்கும் வேலையில் சேர்த்துவைத்த லீவை எல்லாம் மொத்தமாகப் போட்டுவிட்டு, தன்னந்தனியாகக் கிளம்பி வந்திருந்தாள்.

"அடேங்கப்பா, எவ்ளோ தண்ணி! காளஹஸ்தி ஆத்துல இதுல கால்வாசி ஓடினாக்கூடப் போதும். ஆமா, துன்னியா?"

"துன்னேன் நைனா. பூரி மாதிரி ஒண்ணு, தட்டு அகலத்துக்கு. மேல பூண்டும் தயிரும் தடவிக் குடுக்கிறாங்க."

"பூரிக்குத் தயிரா? கிழங்கு கெடையாதா? பாவம்மா அவங்க" என்று ஹங்கேரி மக்களுக்காக மனதார வருத்தப்பட்டார் ஆதிகேசவன்.

தரணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கண், திரையில் அப்பாவின் தோளுக்குப் பின்னால் இருந்த கதவையே பார்த்தது. அங்கிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"ஸ்வெட்டர் போட்டுக்கினாளான்னு கேளுங்க!"

"போட்டுக்கினேம்மா. நீ வந்து பாரேன்."

உள்ளே ஒரு பாத்திரம் மட்டும் 'ணங்'கென்று வைக்கப்பட்டது.

மூன்று நாளாக இதே கதைதான். முதல் நாள் டிராமில் எதிர்த்திசையில் ஏறி, ஊர்க் கடைசிவரை போய்த் திரும்பி வந்த கூத்தை அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று கூப்பிட்டாள். வள்ளி வரவில்லை. மறுநாள் அரண்மனைக் குன்றில் வழி தெரியாமல் நின்றபோது, மொழி புரியாத பூக்கடைக்காரி ஒருத்தி கையைப் பிடித்து பஸ் ஸ்டாப் வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டாள். அதையும் அம்மாவிடம்தான் முதலில் சொல்ல நினைத்தாள். அப்போதும் வரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் வள்ளி எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டாள்: "பொட்டப்புள்ள தனியா ஊர் சுத்தப் போவுது. போவட்டும். இனிமே அவ மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்."

அம்மா கோபத்தில் ஆயிரம் சொல்வாள், ராத்திரி சோறு போடும்போது மறந்துவிடுவாள் என்றுதான் தரணி நம்பினாள். இந்த முறை மறக்கவில்லை.

நினைத்துப் பார்த்தால் ஆரம்பத்திலிருந்தே அம்மா எதிர்க்கட்சிதான். முதல் தடவை விசா கிடைக்காமல் போனபோது, "நல்லதாப் போச்சு, பெருமாளே வேணாங்கிறாரு" என்றாள். அன்றைக்குத் தரணி பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். தறிச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் சேர்ந்ததில் அந்த அழுகை யாருக்கும் கேட்டிருக்காது. மறுபடி முயன்று விசா கிடைத்தபோதோ, அம்மா விருட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"நீ ப்ளேன் ஏறுன அன்னிக்கே மலைக்குப் போய்ட்டு வந்தோம்மா" என்று அப்பா பேச்சை மாற்றினார். "உங்கம்மாவுக்கு முட்டி வலின்னு ஏதோ வேண்டுதலாம். உனக்கு லட்டு எடுத்து வெச்சிருக்கேன்."

"எனக்கு லட்டு வேணாம் நைனா." தரணி போனை முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். "நாளைக்கே டிக்கெட்டை மாத்திக்கினு வந்துடறேன். அம்மா மூஞ்சியைப் பாக்காம இங்க எதைப் பாத்து இன்னா பண்றது?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இவ்வளவு அழகான நதியைப் பார்த்துக்கொண்டே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாது! திரும்பி வர்றாளாமா? யாரு வரச் சொன்னது? இங்க குடுங்க அந்தப் போனை!"

திரை ஆடியது. மின்விசிறி தெரிந்தது, சுவர்க் காலண்டர் தெரிந்தது, பிறகு வள்ளி தெரிந்தாள். வந்த வேகத்தில் தலையை மூடியிருந்த முந்தானை நழுவி விழுந்தது.

இடுப்புக்குக் கீழே தொங்கும் அந்த முடி, கல்யாண வீடுகளில் பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்த அந்த முடி, ஒன்றுகூட இல்லை. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது.

"அம்மா! இன்னாம்மா இது?"

"முட்டி வலிக்குன்னு சொன்னேனே" என்றார் பின்னாலிருந்து ஆதிகேசவன்.

"நீங்க போய் நூல் அறுந்துதான்னு பாருங்க" என்று அவரைத் துரத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள் வள்ளி.

"முட்டி வலிக்கா மொட்டை போட்டே? பொய் சொல்லாதம்மா. நான் பத்திரமா திரும்பி வரணும்னுதானே?"

"அடிப் போடி! மலையடிவாரத்துலயே வேலை செஞ்சிக்கினு இதுகூடத் தெரியல. வேண்டினது நடந்தப்புறம்தான் முடி குடுப்பாங்க. நீ இன்னும் திரும்பியே வரலியே."

"அப்போ எதுக்கு?"

வள்ளி ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ பாத்தா கண்டுபுடிச்சிடுவேன்னுதான் ப்ளேன் ஏர்ற வரைக்கும் காத்துக்கினு இருந்தேன். உங்க நைனாகிட்ட மூச்சு வுட்டுடாதே, உன்னை அந்தத் திட்டு திட்டினவ நானு, தெரிஞ்சா என் மானம் போயிடும். அன்னிக்குக் குழாயைத் தொறந்து வுட்டுக்கினு அழுதியே, பெத்தவளுக்குக் கேக்காதா? அப்பவே வேண்டிக்கினேன்டி, 'என் பொண்ணுக்கு எப்படியாவது விசா குடுத்துடு சாமி, என் முடியை எடுத்துக்கோ'ன்னு."