அடுத்தவன் சாமான்

பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டரில் ஒரு கோமாளி குதித்தான். தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தான். நடுத்திரையில் நின்றுகொண்டு போகமாட்டேன் என்றான்.

“யார்ரா இவன்?” என்றார் சம்பந்தம்.

சேலையூரில் பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடுபவர். கம்ப்யூட்டர் வாங்கி ஆறு நாள். விற்ற கடையில் வேலை பார்க்கும் சின்னப்பன் பக்கத்தில் நின்றான். அவர் வீட்டுப் பின் போர்ஷனில் குடியிருப்பவனும் அவன்தான். ஆக, இரண்டு வகையிலும் திட்டலாம்.

“கம்பெனியிலேயே போட்டு அனுப்பறாங்கண்ணா. எல்லாப் பெட்டியிலயும் வரும்.”

“நான் கேட்டனா?”

“இல்லண்ணா.”

“இன்னும் இன்னா இன்னா கீது? சொல்லு.”

சின்னப்பன் மவுஸை நகர்த்தினான். “சீட்டாட்டம். கார் ரேஸ். ஜாதகப் பொருத்தம். பியானோ கத்துக்கறது. அப்புறம் உலக மிருகங்கள்.”

“மிருகமா? நான் அண்டா வாடகைக்கு வுடறேன். சர்க்கஸா நடத்தறேன்?”

“சும்மா வருதுண்ணா.”

“சும்மா வந்தா எடத்த அடைக்காதா?”

அடைத்திருந்தது. வம்பே அதுதான். முந்தின நாள் அவர் மகள் உட்கார்ந்து பாதிச் சாமானைப் பட்டியல் போட்டாள். பதிந்து வைக்கப் போனால், இடமில்லை என்று சொல்லிவிட்டது. அடித்தது அத்தனையும் போச்சு.

போன முகூர்த்தத்தில் படப்பைக் கல்யாணத்துக்கு அண்டா போய்ச் சேரவில்லை. எது எங்கே கிடக்கிறது என்று தேடி முடிப்பதற்குள் அங்கே டிபன் பந்தியே நின்றுபோனது. பெண்ணுடைய சித்தப்பா மண்டப வாசலில் வைத்துக் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பெட்டியே. வெள்ளிக்கிழமை மறுபடி முகூர்த்தம். மூன்று கல்யாணம்.

“அண்ணா, வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்” என்றான் சின்னப்பன். “ஞாயித்துக்கிழமை மெட்டில்டா கோவளத்துல அவங்க அம்மா வீட்டுலேருந்து எங்க குழந்தையத் தூக்கிட்டு வர்றா. தூளி கட்டணும். அதான் உங்ககிட்ட...”

“கட்டு. யார் வேணான்னது? சொவத்துல மட்டும் ஆணி அடிச்சிடாத.”

“அடிக்கலண்ணா. கொக்கி உள் ரூம்லதான் இருக்கு. அங்க...”

“அத அப்புறம் பேசலாம். மொதல்ல இவன வெளிய தள்ளு.” கோமாளியைக் காட்டினார்.

சின்னப்பன் தயங்கினான். “எடுத்தா பின்னாடி ரிப்பேருக்கு வரமாட்டேம்பாங்கண்ணா. ஓரமாத்தான் கிடக்கும், தொடாம விட்டுடுங்கன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க.”

சம்பந்தம் எழுந்துவிட்டார்.

“நான் பந்தல் போடறேன். பந்தலோட ரெண்டு மேளக்காரனையும் நானே இட்டாந்து உக்கார வச்சிட்டு, ‘ஓரமாத்தான் குந்திகினு கீறான், கண்டுக்காத’ன்னு சொன்னா கல்யாண வூட்டுக்காரன் சும்மா வுடுவானா?”

“விடமாட்டான்.”

“துட்டு குடுத்து எடுத்தவன் நான். என் எடம். அதுல அவன் சாமான அடுக்கி வச்சிகினு, என்னையே தொடாதன்னுவானா? இன்னா நியாயம் இது? நீயே சொல்லு.”

சின்னப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“நியாயம் இல்லண்ணா” என்றான். “எடுத்துடறேன்.”

சீட்டாட்டம் போனது. கார் போனது. ஜாதகம் போனது. மிருகங்கள் போக நேரம் பிடித்தது. சம்பந்தம் முதுகுக்குப் பின்னால் நின்று “அதையும் எடு, இதையும் எடு” என்றுகொண்டே இருந்தார். கடைசியாகக் கோமாளி.

அணைத்துவிட்டு மறுபடி போட்டார்கள். அவன் வரவில்லை. திரை காலியாக இருந்தது.

“இப்பதான் இது என் பெட்டி” என்றார். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தார். எதிர்க்கடையைப் பார்த்து இரண்டு விரல் காட்டினார். டீ வந்தது.

“அண்ணா, நான் சொல்ல வந்தது...”

“குடி. குடிச்சிகினே அடி. சாமான் பேரு, எத்தினி, எங்க கீது. மூணு கட்டம் போட்டுக்க. எங்க கீதுன்றதுதான் முக்கியம். அது இல்லாமதான் படப்பையில மானம் போச்சி.”

சின்னப்பன் கட்டம் போட்டான்.

“அண்டா, ஒம்பது. கடையில.”

அடித்தான்.

“ஜமுக்காளம், நாப்பது. கடைப் பரண்ல.”

அடித்தான்.

“மடக்கு நாற்காலி, நூத்தம்பது.”

பேரை அடித்தான். எண்ணை அடித்தான். மூன்றாவது கட்டத்தில் விரல் நின்றது.

“எங்கன்னு போடட்டும்ணா?”

“இன்னா, தெரியாத மாதிரி கேக்கற? நீ குடி வர்றதுக்கு முன்னாடிலேருந்து அங்கதான கீது? உன் வூட்டு உள் ரூம்னு போடு.”

சின்னப்பன் அடித்தான்.

சம்பந்தம் டீயை ஊதிக் குடித்தார்.

“ஆமா, ஏதோ சொல்ல வந்தியே, இன்னா அது?”