கதவைப் பிடித்தவள்

சகாயமேரி, மருத்துவமனை ஆலோசனைக் குழுவில் நோயாளிகள் சார்பாகப் பேச வந்த தன்னார்வலர். பிரசவ வார்டுக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அடுத்த கூட்டத்துல பாப்போம்மா" என்று தலைவர் இன்றும் சொன்னபோது அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வார்டுக்கே போனாள். கழிவறை வாசலில் நிறைமாதக்காரி ஒருத்தி உள்ளே போகத் தயங்கி நின்றாள். "நீ போ தாயி, நான் புடிச்சிக்கிறேன்" என்று சகாயமேரி கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி வெளியே வர, அடுத்தவள் போனாள். பின்னால் இன்னும் சிலர் வந்து நின்றார்கள். அலுவலக உதவியாளர் மூச்சிரைக்க வந்தார். "அக்கா, நன்றியுரை நீங்கதான் சொல்லணுமாம். எல்லாரும் காத்திருக்காங்க." சகாயமேரி கைப்பிடியை விடவில்லை. "உள்ள ஆள் இருக்கு. நான் வந்துட்டா இந்தக் கதவ யாரு புடிக்கிறதுன்னு தலைவர்கிட்டக் கேட்டுட்டு வாங்க" என்றாள்.