தொண்டைமானாற்றுக் கொக்கு

ஜெயனி பூச்செண்டோடு மண்டபத்துக்குள் வருவதைக் கண்டதும் சுபாங்கன் வாசலுக்கு விரைந்தான். உள்ளே நிறையச் சனம். இந்த நேரம் பார்த்து இவள் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது?

அவள் சிரித்த முகமாய்த்தான் வந்தாள்.

"வாழ்த்துக்கள் அண்ணை. உங்கடை படக் கண்காட்சி எண்டு கேள்விப்பட்டன். பாக்காமல் இருக்க மனம் வரேல்லை."

பூச்செண்டை வாங்கும்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது. பழசையெல்லாம் மறந்துவிட்டாள் போலும்.

பழசு என்பது போன வருசம் நடந்தது. ஜெயனி பொழுதுபோக்காகக் கடலையும் வெளியையும் படம் எடுக்கிறவள். பருத்தித்துறைக் கரையில் எடுத்த ஒரு படத்தை, ஸ்ரூடியோ வைத்திருந்த அவனுக்கு அனுப்பி, "அப்பா கடைசியாக் கடலுக்குப் போன காலை எடுத்தது அண்ணை. வீட்டில மாட்டப் பெரிசாக்கித் தாங்கோ" என்று கேட்டிருந்தாள். விடியல் நிறத்தில் கிடந்த கடலின் நடுவே அவளுடைய அப்பா கதிரவேலுவின் வள்ளம் சின்னதாய்த் தெரிந்தது. அன்று போனவர் திரும்பவேயில்லை.

சுபாங்கன் பெரிதாக்கிக் கொடுக்கவில்லை. தை பிறந்தபோது அந்தக் கடல் அவனுடைய பெயரோடு ஒரு கலண்டரில் வந்தது. வள்ளத்தை மட்டும் காணவில்லை.

அவள் கலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு அவனுடைய ஸ்ரூடியோவுக்கே வந்து கேட்டாள். வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவன் அமைதியாகச் சொன்னான்:

"உன்ரை படத்தில வள்ளம் நிண்டது எண்டு நீயே சொல்லுறாய். என்ரை படத்தில வள்ளம் எங்கை?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெயனி கலண்டரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இன்று சுபாங்கனுக்கு அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. முன்சுவரை நிறைத்துக்கொண்டு தொங்கிய தொண்டைமானாற்றுப் படத்தைச் சுற்றித்தான் கூட்டம் முழுவதும் நின்றது. வரிசையாகப் பனைகள், கீழே தண்ணீரில் அவற்றின் நிழல், ஆகாயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஊர் பேர் தெரியாத ஒரு பேஸ்புக் பக்கத்தில் கிடந்த படம் அது. வெளிநாட்டில் இருக்கிற யாரோ ஒருவன் ஊருக்கு வந்த நேரம் எடுத்திருப்பான், இனி அவன் எங்கே இதைப் பார்க்கப் போகிறான் என்று துணிந்து எடுத்துக்கொண்டான்.

கண்காட்சியைத் திறந்துவைத்த மீனாம்பிகை ரீச்சர் முன்பு சித்திரம் படிப்பித்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"தம்பி, மேல நிக்கிற பனையளை விடத் தண்ணிக்குள்ள தெரியிற பனையள்தானே துலக்கமாக் கிடக்கு?"

"மேல காத்து, ரீச்சர். பனை ஆடினது."

"உந்த வெள்ளை என்ன?"

"கொக்கு. அது வருமட்டும் இடுப்பளவு சேத்துக்குள்ள நிண்டனான்."

பின்னால் கைதட்டல் எழுந்தது. ஒரு பத்திரிகைக்காரர் கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தார்.

"நீங்களேதான் எடுத்தனீங்களோ அண்ணை?" ஜெயனி மரியாதையாகக் கேட்டாள்.

"ஓம். வேற ஆர் எடுக்கிறது? இந்தக் கையாலைதான்."

"கொக்கு பறந்ததையும் கண்ணாலை கண்டனீங்களோ?"

"கண்டனான் பிள்ளை. கிழக்காலை வந்து என்ரை தலைக்கு மேலாலைதான் போனது."

ஜெயனி தலையாட்டினாள். பிறகு ரீச்சரிடம் திரும்பினாள்.

"அது கொக்கில்லை ரீச்சர். தண்ணியில மிதந்த ஒரு இறகு."

சுபாங்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவள் இன்னும் படம் பார்க்கவே பழகவில்லை.

"தண்ணி கீழையெல்லோ கிடக்கு. ஆகாயத்தில எப்பிடிப் பிள்ளை இறகு மிதக்கும்?"

சனமும் சேர்ந்து சிரித்தது. ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தலையை ஒரு பக்கமாய்ச் சரித்தார், பிறகு இன்னும் கொஞ்சம் சரித்தார். படத்தை விட்டுக் கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார்.

ஒவ்வொருவராய்ச் சிரிப்பை நிறுத்தினார்கள். ஜெயனி குரலை உயர்த்தவில்லை.

"உங்களுக்கெண்டுதான் அண்ணை, நான் எடுத்த படத்தைப் பேஸ்புக்கில தலைகீழாய்ப் போட்டு வைச்சனான்."