ஓநாய்க்கு ஒரு ஸ்கோப்

"இருக்கறதுலயே விலை கம்மியா ஒரு துப்பாக்கி ஸ்கோப் குடு தம்பி"ன்னு சொல்லிட்டு ஸ்டூல்ல உக்காந்தாரு டோக்டோசுன். நாரின் நகரச் சந்தைக்கு வந்து சேர்றதுக்குள்ளயே முழங்கால் அவரைப் பாடாப் படுத்திடுச்சு.

கடைக்கார மிர்லான் ஒண்ணை எடுத்து நீட்டினான். அவரு அது வழியா எதிர்க்கடையைப் பார்த்தாரு.

"ரொட்டிக்காரி மூக்குல இருக்கற மச்சம்கூடத் தெரியுதே!"

"ஓநாய் சுடத்தானே? அதுக்கும் மச்சம் பாத்துத்தான் சுடுவீங்களா, பெரியப்பா? இது ரெண்டு தடவை சுட்டாலே குறி நகந்துடும். இன்னும் ஆயிரம் சோம் போடுங்க, நல்லதாத் தரேன்."

"ஆயிரத்துக்கு நான் எங்க போவேன்? இதே போதும். துப்பாக்கில மாட்டப் போறதில்ல."

"அப்ப பைனாகுலர் வாங்குங்களேன்?"

"எதுக்குன்னு என் பொண்டாட்டி கேப்பா. இதுன்னா ஓநாய்க்குன்னு நம்பிடுவா." அவரு குரல் தணிஞ்சுது. "மாஸ்கோவுல வேலை பாக்கற மகன்கிட்ட பேச, சிக்னல் தேடி அவ மேட்டுக்கு ஏறுவா. என்னால ஏற முடியல. இறங்கி வந்து, 'பையன் நல்லா இருக்கான்'னுதான் எப்பவும் சொல்றா. மேல நின்னு பேசறப்ப அழறாளான்னு நான் பாக்கணும்."